1844 என்று தொடங்கும் அந்த இருபது இலக்க எண்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64-ஆவது கட்டம் முடியும்போது பலகையில் மொத்தம் எத்தனை அரிசி? 18446744073709551615. அதாவது 2^64-க்கு (64 இரண்டுகளைப் பெருக்கி வருவதற்கு) ஒன்று குறைவு. நம் கணக்கில் சொன்னால் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கோடி கோடிக்கும் மேல். ராஜா வாக்குக் கொடுத்துவிட்டு விழித்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்தால் மொத்தம் 46,000 கோடி டன் வருகிறது; இன்று உலகம் முழுக்க விளையும் அரிசியை வைத்துப் பார்த்தால் எண்ணூறு வருட விளைச்சலைத் தாண்டும். சரி, பெரிய எண்தான். ஆனால் இந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோருமே அளவைச் சொல்லி வியந்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. எதையெதைப் பெருக்கினால் இது வருகிறது, ஏன் அப்படி வருகிறது என்று பார்த்தால் ஃபெர்மா, ஆய்லர், காஸ் என்ற கணித மேதைகள் மூன்று பேருமே இந்த ஒரே எண்ணுக்குள் வந்து நிற்கிறார்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது கஷ்டம் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். வங்கிப் பரிமாற்றங்களின் பாதுகாப்பில் ஒரு பகுதி அந்தக் கஷ்டத்தை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் கஷ்டம் என்பது அளவைப் பொறுத்தது மட்டும் இல்லை, அந்த எண் எப்படி உருவானது என்பதையும் பொறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு எழுதிய இருபது இலக்க எண்ணைக் கையால் உடைக்கச் சொன்னால் நான் ஓடிவிடுவேன். இந்த எண்ணை உடைக்க எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா போதும்: அ² − 1 = (அ − 1)(அ + 1).

2^64 என்பது 2^32-இன் வர்க்கம். ஆகவே 2^64 − 1 = (2^32 − 1)(2^32 + 1). இதில் முதல் துண்டை எடுத்து மறுபடியும் அதையே செய்யலாம்: (2^16 − 1)(2^16 + 1). மறுபடியும். 64 என்பதே 2-இன் அடுக்கு என்பதால் நடுவில் எங்கேயும் தட்டாமல் கடைசிவரை போகலாம். போய் முடித்தால் கையில் இருப்பது

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

அவ்வளவுதான். கால்குலேட்டர்கூட வேண்டாம். அல்பிரூனி என்ற பழைய அறிஞர் ஆயிரமாவது ஆண்டு வாக்கில் இந்தச் சதுரங்கக் கூட்டலைச் செய்து காட்டியபோது அவரும் 64 தடவை இரட்டிக்கவில்லை. ஒரு எண்ணை வர்க்கப்படுத்தி, வந்ததை மறுபடி வர்க்கப்படுத்தி, 16, 256, 65536 என்று தாவித் தாவிப் போனார். கட்டுவதற்கு அவர் போன அதே படிகளில் நாம் இறங்கி வந்தால் காரணிகள் கிடைக்கின்றன.

முதல் ஐந்து காரணிகளும் பகா எண்கள். ஆறாவது பத்து இலக்கம்: 4294967297, அதாவது 2^32 + 1. இந்த ஆறு எண்களுக்கும் பொதுவான வடிவம் ஒன்றுதான். 2-இன் அடுக்கில் மறுபடி 2-இன் அடுக்கைப் போட்டு ஒன்றைக் கூட்டியது. இவைதான் ஃபெர்மா எண்கள். 1640 வாக்கில் ஃபெர்மா இந்த வடிவத்தில் வரும் எல்லா எண்களும் பகா எண்கள் என்று நம்பிக் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் சொன்னார். முதல் ஐந்தும் பகா எண்களாக இருக்கும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அப்புறம் கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் இதை யாரும் அசைக்கவில்லை. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதவியலாளர், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளைஞர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில், ஃபெர்மாவின் இந்தக் கூற்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். ஆய்லர் முதலில் அதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை, கோல்ட்பாக் விடவில்லை. 1732-இல், தன் இருபத்தைந்தாவது வயதில், ஆய்லர் பதிலைச் சொன்னார்: 4294967297 = 641 × 6700417. அன்று கட்டுரையில் விடையை மட்டும்தான் வைத்தார். இப்படிப்பட்ட எண்களின் காரணிகள் எந்த வடிவத்தில்தான் இருக்க முடியும் என்ற நிரூபணத்தைப் பின்னால் வேறொரு கட்டுரையில் எழுதினார்.

அந்த நிரூபணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த எண்ணின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. ஏதோ ஒரு பகா எண் 2^32 + 1-ஐ மீதியில்லாமல் வகுக்கிறது என்று வையுங்கள். இனி எல்லாவற்றையும் அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் பார்ப்போம். 2^32-இன் மீதி −1 ஆகிறது (மீதியில்லாமல் வகுபட ஒன்று குறைகிறது என்று பொருள்). வர்க்கப்படுத்தினால் 2^64-இன் மீதி 1. 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை வரிசையாக எழுதி மீதி பார்த்துக்கொண்டே போனால் முதல்முறை 1 வரும் இடம் எது? அது 64-ஐ வகுக்கும் ஓர் அடுக்காகத்தான் இருக்க வேண்டும். 32-லோ 16-லோ வந்திருந்தால் 32-ஆவது இடத்திலும் 1 வந்திருக்கும், ஆனால் அங்கே இருப்பது −1. ஆகவே முதல் 1 சரியாக 64-இல்தான். இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணை அடுக்காகப் போட்டாலும் மீதி 1 வரும். அப்படியானால் அந்தக் கழித்த எண் 64-இன் மடங்கு. முடிந்தது: 2^32 + 1-இன் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்குக்கு ஒன்று கூட.

65,536 வரை இருக்கும் ஆறாயிரத்துச் சொச்சம் பகா எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டிய வேலை இப்போது எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள். 65, 129 பகு எண்கள், விடு. 193 ஒன்று. 257 ஒன்று. 321, 385 வேண்டாம். 449. 513 வேண்டாம். 577. அடுத்தது 641. ஐந்தாவது முயற்சியிலேயே கதவு திறந்துவிடுகிறது.

இதில் என்னை விட்டு நீங்காத ஒரு வருத்தம் உண்டு. இந்தச் சிறு தேற்றம் ஃபெர்மாவுடையது. இதே வகை யோசனையை வைத்து, அதே 1640-இல், 2^37 − 1-ஐ அவர் உடைத்திருக்கிறார்: அதன் காரணிகள் 74-இன் மடங்குக்கு ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்று கண்டு 223-ஐப் பிடித்தார் (மூன்று 74-க்கு ஒன்று கூட; சரிபார்த்துக்கொள்ளுங்கள், 223 × 616318177 = 137438953471). கருவி அவர் கையிலேயே இருந்தது. 2^32 + 1-இல் இதைச் செய்து பார்த்தாரா, நடுவில் கணக்குப் பிசகியதா என்பதெல்லாம் நமக்குக் கிடைக்கவே போவதில்லை.

641 ஏன் வகுக்கிறது என்பதற்குப் பெரிய எண்ணையே எழுதாமல் ஒரு நிரூபணம் இருக்கிறது. எண் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த நான்கு வரிகள் இவை. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 640 + 1, அதாவது 5 × 2^7 + 1, அப்புறம் 625 + 16, அதாவது 5^4 + 2^4. 641-ஆல் வகுத்து மீதி பார்க்கும்போது முதலாவது சொல்வது, 5 × 2^7 என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28 என்பது 1. இரண்டாவது சொல்வது, 5^4 என்பது −2^4. அதை இங்கே போட்டால் −2^32 என்பது 1. அதாவது 2^32 + 1-இன் மீதி பூஜ்யம். பேருந்தில் நின்றுகொண்டே மனசுக்குள் செய்து பார்க்கலாம்.

மிச்சம் இருப்பது 6700417. இது பகா எண்தானா? 1878-இல் பிரான்சின் எதுவார் லூகா ஆய்லரின் 64-ஐ 128 ஆக்கினார். ஒரு பகா எண்ணை 8-ஆல் வகுத்து மீதி 1 வந்தால், அந்தப் பகா எண்ணின் மீதிகளுக்குள் 2 என்பது வேறொரு எண்ணின் வர்க்கமாக இருக்கும்; 2 முதல்முறை 1-ஐத் தொட 64 அடுக்கு ஆகிறதென்றால் அதன் வர்க்கமூலத்துக்கு 128 ஆகும். அதனால் காரணிகள் 128-இன் மடங்குக்கு ஒன்று கூட. 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுவரை இந்த வடிவத்தில் இருக்கும் பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. இதில் 257-ஐப் போட்டுப் பார்க்கவே வேண்டாம், ஏனென்றால் 2^32 − 1-ஐ 257 வகுக்கிறது, அதனால் 2^32 + 1-ஐ வகுத்தால் மீதி 2. மற்ற நான்கையும் நோட்டில் நீள வகுத்தலாகவே போட்டுப் பார்த்தேன். 641-க்கு மீதி 44. 769-க்கு 120. 1153-க்கு 334. 1409-க்கு 622. எதுவும் வகுபடவில்லை. ஏழு இலக்க எண் பகா எண்தான் என்பதை நான்கே வகுத்தலில் முழு நிச்சயத்தோடு சொல்ல முடிகிறது, இதற்குக் கணினி எதுவும் தேவைப்படவில்லை.

ஆக முழு உடைப்பு: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. திரும்ப வர வழியே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் தனக்கு முந்தைய எல்லா ஃபெர்மா எண்களின் பெருக்கலோடு 2-ஐக் கூட்டியது. இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி இருந்தால் அது 2-ஐ வகுக்க வேண்டும், ஆனால் எல்லாமே ஒற்றைப்படை. பக்கத்திலேயே இருக்கும் 2^63 − 1-ஐப் பாருங்கள், அதில் 7 இரண்டு தடவை வருகிறது.

ஏழு தனித்தனிப் பகா எண்கள் என்றால் வகுத்திகள் 2^7, அதாவது 128. இவ்வளவு பெரிய எண்ணுக்கு இது ரொம்பக் குறைவு. ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை இதற்கு நேர் எதிர்க்கோடியில் இருக்கும் எண்களைப் பற்றியது: தனக்குக் கீழே இருக்கும் எல்லாவற்றையும்விட அதிக வகுத்திகள் கொண்டவை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 897612484786617600 நம் எண்ணில் இருபதில் ஒரு பங்குதான், வகுத்திகளோ 1,03,680. 2-இன் எட்டாம் அடுக்கு, 3-இன் நான்காம் அடுக்கு, அப்புறம் 5, 7 இரண்டுக்கும் வர்க்கம், 11 முதல் 37 வரை ஒவ்வொன்று என்று சின்னப் பகா எண்களை அடுக்கிக் கட்டியது அது.

நான் மென்பொருள் வேலையில் இருப்பதால் இந்த ஏழு எண்களையும் இன்னொரு பக்கத்திலிருந்துதான் அடிக்கடி பார்க்கிறேன். இரும முறையில் 1/3 என்பது 0.010101… என்று இரண்டு இலக்கத்துக்கு ஒரு தடவை திரும்பும். 1/5 நான்கு இலக்கத்துக்கு ஒரு தடவை. 1/17 எட்டுக்கு, 1/257 பதினாறுக்கு, 1/65537 முப்பத்திரண்டுக்கு. 641-உம் 6700417-உம் அறுபத்துநான்குக்கு. ஒரு பகா எண்ணின் தலைகீழ் சரியாக 64 பிட்டுக்கு (இரும இலக்கத்துக்கு) ஒரு தடவை திரும்ப வேண்டும் என்றால் அதற்கு உலகத்தில் இரண்டே பகா எண்கள்தான், இவை இரண்டும்தான். பல கணினி மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதற்கும் இங்கேதான் வேர்: பத்துக்குள் 5 இருக்கிறது, 5 இரும முறையில் முடியாமல் திரும்பிக்கொண்டே இருக்கும் எண்.

நம் எண்ணை முதலில் உடைத்தபோது வந்த இரண்டு துண்டில் முதலாவதைத் தனியாகப் பார்க்க வேண்டும்: 2^32 − 1 = 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. நெட்வொர்க் வேலை செய்கிறவர்களுக்கு இது 255.255.255.255, அதாவது 32 பிட்டும் ஒன்றான முகவரி. ஜியோமிதியில் இதற்கு இருக்கும் இடம் இன்னும் பெரிது. 1796-இல், பத்தொன்பது வயதுகூட நிறையாத காஸ், வெறும் அளவுகோலும் காம்பஸும் வைத்து ஒழுங்கான பதினேழு பக்க உருவத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்கு உருவத்தை இப்படி வரைய முடியும் என்றால் அந்தப் பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வரைய முடியும் என்பதைக் காஸ் காட்டினார்; அப்படி இல்லாவிட்டால் முடியாது என்ற மறுபக்க நிரூபணத்தை 1837-இல் வான்ட்ஸெல் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் கொடுத்தார். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான். அதிலிருந்து 31 உருவங்கள் கிடைக்கும், அதில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். 65537 பக்க உருவத்துக்கான வழிமுறையை மட்டும் ஹெர்மெஸ் என்ற ஜெர்மானிய ஆசிரியர் பத்து வருடம் உட்கார்ந்து எழுதி 1894-இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி ஒரு பெட்டி நிறைய கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இதே 31 எண்களும் பாஸ்கல் முக்கோணத்திலும் வரிசையாக வருகின்றன. முக்கோணத்தில் ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டைப்படை இருக்கும் இடத்தில் 0 என்று போடுங்கள். ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக வாசியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255… முதல் வரியின் 1-ஐ விட்டுவிட்டால் 32-ஆவது வரி வரை வருவதெல்லாம் வரைய முடிந்த உருவங்களின் பக்க எண்ணிக்கைகள், 32-ஆவது வரி முழுக்க ஒன்றுகள்: 4294967295. அடுத்த வரி இரண்டு முனையிலும் 1, நடுவில் எல்லாம் 0, அதாவது 2^32 + 1. ஆய்லரின் 641 அங்கேதான் குறுக்கே வந்து வரிசையை முறிக்கிறது. அப்படியே 64-ஆவது வரிக்குப் போனால் மறுபடி முழுக்க ஒன்றுகள், 64 ஒன்றுகள். நம் அரிசிக் கணக்கின் விடை.

அந்த 64 ஒன்றுகள்தான் இன்றைய கணினி கழித்தல் குறியில்லாத முழு எண்ணாக ஒரே 64 பிட் துண்டில் வைத்துக்கொள்ளும் உச்ச எண். அதன் காரணிகள் யாருக்கு வேண்டும் என்று கேட்டால், வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மார்சாக்லியா 2003-இல் வெளியிட்ட எக்ஸார்ஷிஃப்ட் என்ற சீரற்ற எண் ஆக்கி, 64 பிட்டை வலமும் இடமும் நகர்த்திக் கலக்கி அடுத்த எண்ணைத் தருகிறது. எல்லாம் பூஜ்யமான நிலையை விட்டால் மிச்சம் 2^64 − 1 நிலைகள், அத்தனையையும் தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அதை ஓடவிட்டு எண்ணிப் பார்க்க முடியாது. நொடிக்கு நூறு கோடி என்று ஓடினாலும் ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பதிலாகச் செய்வது இது: 2^64 − 1 அடி தாவினால் தொடங்கிய இடத்துக்கு வருகிறதா பார், அப்புறம் அந்த எண்ணை 3-ஆல் வகுத்த அளவு, 5-ஆல் வகுத்த அளவு என்று ஏழு பகா எண்களுக்கும் ஏழு தாவல் தாவி, எதிலும் தொடங்கிய இடத்துக்கு வரவில்லை என்று உறுதிப்படுத்து. ஏழும் தேறினால் சுழற்சி முழுமை. ஒவ்வொரு தாவலும் வர்க்கப்படுத்தி வர்க்கப்படுத்திச் செய்வது, அல்பிரூனி செய்த மாதிரியே. ஒரு கண் சிமிட்டலில் முடிந்துவிடும், ஆனால் காரணிகள் தெரியாமல் தொடங்கவே முடியாது.

நம் எண்ணோடு 2-ஐக் கூட்டினால் என்ன ஆகும்? 18446744073709551617, அதாவது 2^64 + 1, அடுத்த ஃபெர்மா எண். அளவில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் இதை (அ − 1)(அ + 1) என்று பிளக்க வழியில்லை. 641-க்குப் பிறகு நூற்றிருபது வருடத்துக்கு மேல் அது உடையாமல் நின்றது. 1855-இல் கிளௌசன் என்ற கணிதவியலாளர் காஸுக்கு எழுதிய கடிதத்தில் 274177 × 67280421310721 என்று சொல்லியிருக்கிறார், அது அப்போது வெளியே தெரியவரவில்லை. 1880-இல், எண்பதைத் தாண்டிய வயதில், லாந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தானாகவே கண்டுபிடித்தார். 274177 என்பது 256-இன் 1071 மடங்குக்கு ஒன்று கூட. ஆய்லர், லூகா வழியிலேயே வடிகட்டிக்கொண்டு போனால்கூட ஆயிரத்துச் சொச்சம் எண்களைக் கடக்க வேண்டும், முன்னே ஐந்தாவது முயற்சியில் கிடைத்தது மாதிரி இல்லை.

கிடைத்த இரண்டு காரணிகளையும் நம் ஏழோடு சேர்த்தால் 2^128 − 1 முழுதாக உடைந்துவிடுகிறது. 2^128 + 1 என்ற 39 இலக்க எண்ணை மாரிசனும் பிரில்ஹார்ட்டும் 1970-இல் உடைத்தார்கள், அதோடு 2^256 − 1 முடிந்தது. இப்படி ஒவ்வொரு ஃபெர்மா எண்ணாகக் கழன்று 2^4096 − 1 வரை இன்று எல்லாப் பகாக் காரணிகளும் தெரியும். அடுத்த இரட்டிப்பான 2^8192 − 1-இல் வேலை நின்றிருக்கிறது. தடுப்பது 2^4096 + 1: அதற்கு ஆறு பகாக் காரணிகள் தெரியும், அவற்றால் வகுத்தபின் மிஞ்சும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட துண்டு பகு எண்தான் என்பதும் தெரியும், அதன் காரணி ஒன்றுகூட இதுவரை யார் கையிலும் சிக்கவில்லை.